கருங்கழிக் குதிரை

உத்தண்டிக்கு அறுபத்திரண்டு வயது. செம்பாயிக்கு நாற்பத்தைந்து. ஆனாலும் அவர்தான் சீடர்.

கருங்கழிச் சதுப்பில் கோரை அறுக்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. ஊர் ஊராக மேடை ஏறிப் பேசிய மனிதர், ஒரு கோரைக்காரியின் பின்னால் வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு சேற்றில் நடக்கப் பழகினார். தலைவர் ஒண்ணாங்கிளாஸில் சேர்ந்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

நடை பழகுவதற்காக அவர் வரவில்லை. குதிரைக்காக வந்தார்.

கழிக்குள் ஒரு குதிரை இருப்பதாகச் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ உப்பு மூட்டையோடு புதைந்துபோன குதிரை. மூட்டையின் கயிற்றை அறுத்துவிட்டிருந்தால் ஏறி வந்திருக்கும். உப்பை இழக்க மனம் வராமல் உப்புக்காரன் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அன்று முதல், பனி இறங்கும் காலைகளில் அது வரும். சேற்றில் யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் நிற்கும். ஏற்றிக்கொண்டு, விட்ட இடத்துக்கே கொண்டுபோகும். மற்றவர்கள் கண்ணுக்கு வெறும் பனிதான்.

இதெல்லாம் பொய் என்று உத்தண்டியே முன்பு துண்டறிக்கை போட்டிருக்கிறார். 'சேற்றுக் குதிரையும் சோற்றுக் கவலையும்' என்று தலைப்பு. நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

முதல் நாள் அவர் செம்பாயியிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் குதிரை தனக்கு நிற்குமா?

அவள் கோரைக்காரர்கள் சேற்றில் ஊன்றி நடக்கும் நீளக் கம்பு ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"இது யாருது?"

"என் கையில இருக்கு. என்னுது."

அவள் கம்பை வாங்கி வைத்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னாள்.

மறுநாள் அது உழைக்கிற மக்களுடையது என்றார். இன்னொரு நாள், மூங்கிலை வளர்த்த மண்ணுடையது என்றார். ஒவ்வொரு நாளும் அவள் கம்பை வாங்கி வைத்தாள். நாற்பது நாள் போனது.

நாற்பத்தோராம் நாள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புதையிறவனுது."

கருங்கழியில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். கம்பு யார் கையில் இருந்தாலும், ஒருவன் கால் இறங்கிவிட்டால் அது அந்த நொடியிலிருந்து அவனுடையது.

"தெரிஞ்சேதான் இத்தனை நாளும் மாத்தி மாத்திச் சொன்னீங்களா, ஐயா?"

செம்பாயி வானத்தைப் பார்த்தாள்.

"நாளைக் காலையில பனி இறங்கும். வாங்க."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கழியைக் குத்தகைக்காரன் அடைத்துப் போட்டான். கோரை அறுக்க யாரும் இறங்கக்கூடாது என்று கரையில் ஆள் வைத்தான். கழிக்கு நடுவில் இருக்கும் மண்திட்டில் கொடி நட்டுவிட்டால் சனம் முழுவதும் பின்னால் இறங்கிவிடும் என்று உத்தண்டி முடிவு செய்தார். மாசிலாமணி என்ற கோரைக்காரனின் கம்பை வாங்கி அதில் கொடியைக் கட்டினார். வழி காட்டவும் அவனே வந்தான். கம்பைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

திட்டுக்கு ஏழெட்டு முழம் இருக்கும்போது மாசிலாமணி சேற்றில் புதைந்தான். உத்தண்டி அதற்குள் திட்டில் கால் வைத்துவிட்டார். கரையில் ஐந்நூறு பேர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பை நீட்டினால் கொடி சாயும், கொடி சாய்ந்தால் கலைந்துவிடுவார்கள். அவர் கொடியைச் சாய்க்கவில்லை.

சனம் இறங்கியது. உரிமை கிடைத்தது. வென்ற போராட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. 'கொடி சாயக்கூடாது தோழர்' என்று சொல்லிக்கொண்டே மாசிலாமணி மூழ்கினான் என்று உத்தண்டி அன்று சாயங்காலமே மேடையில் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். அழுகை உண்மை.

மாசிலாமணியின் மகளுக்கு அப்போது மூன்று வயது. இளவஞ்சி என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அவர்தான். ஒவ்வொரு வருடமும் நினைவு நாளில் அவள்தான் கொடி ஏற்றுவாள். இந்த வருடம் நினைவிடத்துக்குக் கல் வைக்கிறார்கள். அப்பாவின் கடைசி வார்த்தையை அதில் வெட்டப்போவதாகச் சொல்லி, ஒரு தாளை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதிக் குடுங்க பெரியப்பா. வருஷத்துக்கு வருஷம் ஒரு வார்த்தை மாறி வருது."

அவள் குத்திக் காட்டவில்லை. சரியாக இருக்கவேண்டும் என்றுதான் கேட்டாள். அந்த வெற்றுத்தாள் நாற்பத்தோரு நாளாக அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

மறுநாள் காலை பனி கழியை மூடியிருந்தது. உத்தண்டி கம்போடு கரையில் நின்றார். குதிரை வரக்கூடாது என்றுதான் அவர் மனம் வேண்டிக்கொண்டது. வராவிட்டால் துண்டறிக்கை மெய். அவர் யாரையும் விடவில்லை என்பதும் மெய்.

அது வந்தது.

வெடித்த ஏரிமண் போல உடம்பு. பிடரியில் மயிருக்குப் பதில் ஈரக்கோரை. விலாவில் கயிறு அறுத்த பள்ளம், அதில் உப்பு பூத்திருந்தது. சேற்றில் அதன் குளம்பு படவே இல்லை. அவர் முன்னால் வந்து நின்றது. பழகிய மாடு போல முதுகைத் தாழ்த்தியது.

கோரைக்காரர்கள் பத்துப் பேர் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் கண்ணுக்குப் பனிதான் தெரிந்தது. பனியில் ஒரு பெரிய மனிதர் எதன்மேலோ ஏறுவதும் தெரிந்தது. ஏறினால் என்ன அர்த்தம் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

குதிரை போன வேகத்தில் காற்று உப்புக் கரித்தது. நாரைக் கூட்டத்தின் நடுவே புகுந்து போனது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஆள் மூழ்கும் கசத்துக்குள் இறங்கி, அவர் கழுத்து வரை சேறு ஏற, அடித்தரையிலேயே நடந்து மறுபுறம் ஏறியது. திட்டுக்கு ஏழெட்டு முழம் இருக்கும்போது நின்றது.

நின்ற இடத்தில் புதையத் தொடங்கியது.

உத்தண்டி தாவினார். திட்டில் விழுந்தார். எழுந்து பார்க்கும்போது கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அப்படித்தான்.

குதிரை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. மாசிலாமணியின் குரலில் கேட்டது. கோபமில்லாத குரல். பக்கத்தில் இருக்கிற தண்ணீர்ச் செம்பைக் கேட்பது போல.

"கம்பை நீட்டுங்கண்ணே."

அவர் குப்புறப் படுத்தார். நீட்டினார். குதிரை பல்லால் கவ்வியது. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. கழுத்து வந்தது, நெஞ்சு வந்தது, விலா வந்தது. முழு உடம்பும் திட்டில் ஏறி ஒருமுறை உதறிக்கொண்டு பனியோடு போய்விட்டது.

அவர் தனியாக நடந்தே கரைக்கு வந்தார். உச்சிப்பொழுதாகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததில்லை. செம்பாயி தன் குடிசை வாசலில் கோரையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீட்டிட்டேம்மா. இந்தத் தடவை நீட்டிட்டேன்."

"யாருக்கு?"

"குதிரைக்கு. வெளிய வந்துருச்சு."

அவள் நிமிரவில்லை.

"எல்லாருக்கும் வரும் அது. எனக்கும் வந்துச்சு. என் தங்கச்சி வரலை."

உத்தண்டி அங்கேயே உட்கார்ந்தார். அவள் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று கேட்டார்.

"எங்கம்மாகிட்ட சொன்னேன். என் தலையில இருந்த கோரைக்கட்டைக் கீழ போட்டிருந்தா தங்கச்சி கை எட்டியிருக்கும்னு சொன்னேன். மூணு வருஷம் என் கையால ஒரு வாய் சோறு வாங்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா செத்துப்போச்சு."

கொடி ஏற்றும்போது இளவஞ்சியின் முகத்தை நீ பார்த்ததில்லை என்றார் உத்தண்டி. அப்பனைப் பற்றி அந்தப் பெண்ணிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் தானே எப்படிப் பிடுங்குவது என்றார். உரிமை கிடைத்ததல்லவா, இன்றைக்கு இத்தனை பேர் கோரை அறுப்பது அதனால்தானே என்றும் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். செம்பாயி கோரைக்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அவர் எழுந்து தண்ணீர்த் தொட்டியிடம் போனார். கம்பின் நுனியில், அன்றைய கம்பில் கொடித்துணி கட்டியிருந்த அதே உயரத்தில், சேறு அப்பியிருந்தது. சேற்றில் பல் பதிந்த தடம் இருந்தது. கம்பைத் தண்ணீருக்குள் விடப் போனார்.

"கழுவாதீங்க, ஐயா," என்றாள் செம்பாயி. "கல்லு வெட்டுறதுக்கு முந்தி அந்தப் பொண்ணு கையில அப்படியே குடுங்க."