டேங்குத் தண்ணி

தவமணி அக்காவுக்கு மடம் கிடையாது. ஒரு பழைய மினி பஸ்ஸில் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் வைத்து, கூரைமேல் ஒரு தண்ணீர் டேங்கையும் ஏற்றி, அதையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லுவார். கேட்காவிட்டால் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். பெரிய பெரிய சாமிமார்களை எல்லாம் பார்த்தவன் நான். இவரிடம்தான் மனசு நின்றது, கூடவே கிளம்பிவிட்டேன்.

வண்டி ஓட்டுவது சொரிமுத்து. அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அக்காவின் முதல் சீடர் அவர்தான், ஆனால் பதினேழு வயது மூத்தவர். அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த வண்டியில் எஞ்சின் உள்ளேயே இருக்கும், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், ஒரு மூடிக்குக் கீழே. அந்த மூடிமேல் சொரிமுத்து ஒரு சாண் உயரத்தில் லிங்கம் வைத்துப் பூ போடுவார். மாசி மாதம் ஒருநாள் மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் லிங்கத்தின் உச்சியில் விழுந்தது. அப்புறம் இன்னொரு சொட்டு.

அக்கா அதைப் பார்த்தார்.

"மேல ஒழுகுதா அண்ணே?"

"ஒழுகல அக்கா. ஈசனுக்கு அபிஷேகம் நடக்கு."

அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

செய்தி பரவிவிட்டது. வண்டி எந்த ஊரில் நின்றாலும் கூட்டம் வரிசை கட்டியது. மனுஷக் கை படாத அபிஷேகம் என்று பேசிக்கொண்டார்கள். சொரிமுத்து தினமும் குளித்து, திருநீறு பூசி, ஆளுக்கொரு கரண்டி தீர்த்தம் கொடுத்தார். ஜனங்கள் அவரையே சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் குடித்தேன், ஒளிப்பானேன்.

டேங்கு காலியானால் சொட்டும் நின்றுவிடும். இது எங்களில் ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை. சொரிமுத்து மட்டும் டேங்கு காலியாகாமல் பார்த்துக்கொண்டார்.

இப்படியே மூன்று மாதம் போனது. பாவூர்சத்திரத்தில் ஒருநாள் காலையில் சொரிமுத்து சாவியைத் திருகினார். டொக் என்று ஒரே சத்தம். அதோடு வண்டி அசையவில்லை.

மெக்கானிக் சேக் மைதீன் வந்து எஞ்சினைப் பிரித்தார். அவர் முகம் போன போக்கே சரியில்லை.

"தண்ணி குடிச்சிருக்கு. கனெக்டிங் ராடு வளைஞ்சு பிளாக்கையே உடைச்சிட்டு. ரெண்டு லட்சத்துக்குக் கொறையாது."

"எஞ்சினுக்குள்ள தண்ணி எப்படி பாய் போச்சு?" என்று கேட்டேன்.

அவர் விரலாலேயே வழி காட்டினார். லிங்கத்தின் மேல் விழுகிற தண்ணீர், மூடியின் ஓரத்தில் தேய்ந்த ரப்பர், அதற்குக் கீழே ஏர் ஃபில்டர். "காத்து போற வழியில தண்ணி போனா எந்த எஞ்சினும் தாங்காது" என்றார்.

அவ்வளவுதான். ஆளாளுக்குப் பழிபோட ஆள் தேட ஆரம்பித்துவிட்டோம். டேங்கை மாட்டிக் கொடுத்தது அதே ஊரில் குழாய்க் கடை வைத்திருந்த மிக்கேல். எங்களில் நாலு பேர் கடைக்கே போய், நீ ஒழுங்காக மாட்டாததால்தான் அக்கா வண்டி போச்சு, நீதான் செலவை ஏற்கவேண்டும் என்று சத்தம் போட்டார்கள். அவன் சரி என்று சொல்லிவிட்டான். சொரிமுத்துவும் அங்கேதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவிடம் போய் உட்கார்ந்தார்.

"ஈசன் தலையில விழுந்த தண்ணி எப்படி அக்கா கெடுதல் பண்ணும்?"

அக்கா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"மிக்கேலப் பாத்துட்டு வருவோம், வாங்க."

நானும் கூடப் போனேன்.

கடையில் மிக்கேல், பைப்புக்கு மரை போடும் மெஷினை மேஜையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். போல்ட்டு துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"சாயங்காலம் ஆளு வந்து எடுத்துக்கிடுவாரு அக்கா. மீதிக்கு வேற வழி பாக்கேன்."

"இத வித்துட்டுக் கடைய எப்படி நடத்துவீங்க?" என்று அக்கா கேட்டார்.

"கடை இல்ல அக்கா. கூலிக்குத்தான் போகணும்."

அக்கா அங்கே கிடந்த பைப்புக் கட்டின்மேல் உட்கார்ந்தார். மிக்கேல் ஸ்பேனரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"மாட்டும்போது டேங்குக் குழாயில பழைய வாசர்தான் இருந்துச்சு. சொட்ட ஆரம்பிச்சா உடனே வாங்க, பத்து நிமிஷ வேலைதான்னு சொல்லிவிட்டேன்னு ஞாபகம். ஆனா இத்தனை பேரு வந்து சொல்லும்போது, சொல்லலையோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு அக்கா."

அக்கா சொரிமுத்து பக்கம் திரும்பவில்லை.

சொரிமுத்துதான் பேசினார்.

"சொன்னீரு."

மிக்கேல் நிமிர்ந்து பார்த்தான்.

"நீரு சொன்னீரு மிக்கேலு. ரெண்டு தடவ சொன்னீரு. சொட்டு விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், அது வாசருதான்னு. டேங்க ரொப்பி ரொப்பி விட்டது நான்தான்."

"நான் சொன்னேன்லா?"

"சொன்னீரு."

மிக்கேல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

அக்கா எழுந்தார். "நானும் பாத்தேன் தம்பி. அண்ணே சாமி பேரச் சொன்னதும் வாய மூடிக்கிட்டேன். ஒரு ஏணியப் போட்டு ஏறிப் பாத்திருக்கணும், ஏறல. அதனால பாதித் தப்பு எம்மேல. இந்த மெஷின மறுபடி மாட்டுங்க."

"வண்டி அக்கா?"

"நிக்கட்டும். கால் இருக்குல்லா, நடந்துக்கிடுதோம்."

எத்தனையோ பேர் அந்தப் பெண்ணை வண்டிக்குள் உட்கார வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அந்தக் குழாய்க் கடையில்தான் கும்பிடத் தோன்றியது. சொரிமுத்துவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அறுபத்தொரு வயதில் மிக்கேல் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல என்னால் முடியுமா, தெரியவில்லை.

மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். சொரிமுத்து தலையைக் குனிந்தபடியே வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"மிக்கேல்கிட்ட சொல்லிட்டேன். ஊரு ஊரா தீர்த்தம்னு குடுத்தேனே அக்கா. ஒரு அம்மா சீக்காளிப் புருஷனுக்குன்னு பாட்டில்ல வாங்கிட்டுப் போனா. அவங்ககிட்டயெல்லாம் என்ன சொல்ல?"

"டேங்குத் தண்ணின்னு சொல்லுங்க."

"அத்தனை ஊருக்கும் போயா?"

"நடக்கத்தானே போறோம். அந்த வழியாவே நடப்போம். முதல்ல அந்த அம்மா வீடு."

சொரிமுத்து மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

"ஒருத்தரும் நம்ப மாட்டாங்களே அக்கா."

"எல்லாம் தெரிஞ்ச நீங்க நம்பவே மூணு மாசம் ஆச்சு அண்ணே. அவங்களுக்கும் கொஞ்சம் டைம் குடுங்க."