உட்கார்ந்த மலைக்கு ஆளுக்கொரு கல்

மலைகளுக்கும் வாய் இருந்த காலம் அது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு. அங்கே மனிதர்களைவிட ஆடுகள் அதிகம், ஆடுகளைவிடக் காற்று அதிகம். தீவின் தெற்கே ஒரு மலை மேகத்தைத் தொட்டபடி நின்றது. அக்கரை மலைகள் எல்லாம் அதை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்ளும், விடுங்கள்.

அந்த வடக்குச் சீமையில் சூரியன் தாழ்வாகத்தான் போகும். மலையின் நிழல் நாள் முழுக்க வயல்மேல் கிடந்தது. பார்லிக் கதிர்கள் பழுக்காமலே அழுகின. வருஷா வருஷம் இதே கதை என்றானதும், இருந்த நாலைந்து குடும்பங்களும் படகில் மூட்டைகளை ஏற்றின.

மார்சலி என்பவள் மட்டும் மலையடிவாரத்துக்கு வந்தாள். அவள் வாய்க்குத் தீவே பயப்படும்.

"போயிட்டு வரேன்னு சொல்ல வரல. போறோம்னு சொல்ல வந்தேன்," என்றாள்.

மலைக்குத் திக்கென்றது. "நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல, நிக்கிற. உன் நிழல்ல எங்க பிள்ளைங்க பசியோட கிடக்குதுங்க."

மலை யோசித்தது. உயரம் போனால் அக்கரை மலைகள் சிரிக்கும். ஆட்கள் போனால் பேச நாதி இருக்காது. ஆடுகளோடு எவ்வளவுதான் பேசுவது?

"நான் உட்கார்ந்துட்டா இருப்பீங்களா?"

"உட்காரு, பார்க்கலாம்."

மலை முழங்காலை மடக்கி உட்கார்ந்தது. பாறைகள் சரிந்தன, கடல் பொங்கி அடங்கியது. உட்கார்ந்த மலையால் மறுபடி எழுந்திருக்க முடியாது. அது தெரிந்தேதான் உட்கார்ந்தது. வயலில் வெயில் விழுந்தது. படகிலிருந்து மூட்டைகள் இறங்கின. அந்த வருஷம் பார்லி பொன்னாய் விளைந்தது.

அக்கரை மலைகள் சும்மா இருக்குமா? "என்னப்பா குட்டை, எங்க முட்டியாவது தெரியுதா?" என்று தினமும் கேலி செய்தன. மலை வயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மார்சலிக்குத்தான் பொறுக்கவில்லை. மடியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு ஏறி உச்சியில் வைத்தாள்.

"இந்தா, உனக்கு உயரம். இன்னும் கொண்டு வரேன்."

"ஐயோ வேண்டாம் தாயி! நிறைய வெச்சா மறுபடி உன் வயல்ல நிழல் விழும். ஆளுக்கு ஒண்ணு போதும். யார் யார் இருக்கீங்கன்னு நான் தெரிஞ்சுக்கிறேன்."

மறுநாள் மற்றவர்களும் ஆளுக்கொரு கல்லோடு ஏறினார்கள். கைக்குழந்தைக்காக அதன் அப்பா ஒரு கூழாங்கல்லைக் கொண்டுபோனார்.

அன்று தொடங்கியதுதான், அந்தத் தீவில் மலையேறுகிறவர்கள் உச்சியில் ஒரே ஒரு கல் வைத்துவிட்டு இறங்கும் வழக்கம். இத்தனை காலம் ஆகியும் அந்தக் குவியல் ஓர் ஆள் உயரம்கூட வரவில்லை. மலைக்கு அது போதுமாம்.