தப்பான விடை நல்லசிவம் சாருக்கு

புதிதாக வந்த ஜெபராணி டீச்சரின் வேதியியல் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டாலே நல்லசிவம் சாருக்கு வயிறு எரியும். அவர் சர்வீஸில் அவர் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை.

ஒரு நாள் தலைமையாசிரியர் முன்னாலேயே கொக்கி போட்டார். "எந்தப் பொருளும் எரிஞ்சா எடை குறையும்னு ஒன்பதாம் வகுப்பு நம்புது. நானும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாச்சு. டீச்சர் ஒரே பீரியடில் மாத்தட்டும். ஆனா சரியான விடையை அவங்க வாயால சொல்லக் கூடாது."

"சரி சார்," என்றார் ஜெபராணி. "அப்போ தப்பான விடையை நீங்க சொல்லுங்க."

கரும்பு தின்னக் கூலியா? ஒன்பதாம் வகுப்பில், தலைமையாசிரியரும் பார்த்திருக்க, நல்லசிவம் வெளுத்துக் கட்டினார். அவ்வளவு பெரிய விறகே எரிந்தால் பிடி சாம்பல்தான், இரும்பு மட்டும் எம்மாத்திரம் என்று கேட்டார். வகுப்பே கைதட்டியது. அவர் வாங்கிய முதல் கைதட்டல் அது.

ஜெபராணி தராசின் இரண்டு தட்டிலும் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைச் சமமாக வைத்து, ஒன்றில் மட்டும் தீ வைத்தார். நார் கனன்றது. அந்தத் தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

"சார் சொன்னது தப்பு," என்றாள் முன் பெஞ்சு கோமதி. "காத்துல இருந்து ஏதோ இதோட சேர்ந்திருக்கு."

தலைமையாசிரியர் நல்லசிவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார். தப்பை நம்பவைக்க உங்களை மிஞ்ச ஆளில்லை. இனிமே டீச்சரோட எல்லா வகுப்புக்கும் நீங்களும் போயிடுங்க."