எச்சில் வில்வம்

கூவிளநல்லூர் ஈசனுக்கு அன்றாடம் வில்வம் பறித்துத் தருவது உமையாள் அம்மையாரின் திருப்பணி. நெல் குத்திப் பிழைத்தவர். கணவரும் இல்லை, காணியும் இல்லை. ஒரு முழம் பூவைச் சாத்திவிட்டு ஊரையே வரமாகக் கேட்கும் உலகத்தில் அவர் எதுவும் கேட்டதில்லை. ஆனால் ஈசன்மேல் ஓர் உரிமை கொண்டிருந்தார். உரிமை இருக்கும் வீட்டில் பொறாமை வாடகையில்லாமல் குடியேறிவிடும்.

ஒருநாள் தளிரில் குருவி எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனார், அது நகர்ந்தது. புழு. ஈசனுக்கு முன்னால் இது வாய் வைக்கிறதே என்று அம்மையாருக்கு வயிறு எரிந்தது.

அப்படி என்னதான் சலுகை இதற்கு என்று தினமும் உலக்கையை வைத்த கையோடு மரத்தடிக்கு வந்து நின்று பார்த்தார். சக்களத்தியை நோட்டம் விடுபவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். எச்ச நிறம் போய்ப் புழு பச்சையானது. தொட்டால் சிவந்த கொம்பிரண்டை நீட்டி நாற்றம் வீசியது. உரசிக்கொண்டு நின்ற வேம்பை அது சீண்டவேயில்லை. தமக்கோ கூழைக் கண்டால் வில்வம் மறந்துவிடும். இதற்கு வேறு நினைப்பே இல்லை. அதுதான் அவரை இன்னும் எரித்தது.

இலையில் ஓட்டைகள் கூடியதும் கோயில் மணியம் வைத்தியலிங்கம் வந்தார்.

"சாமிக்கு எச்சில் இலையா ஆச்சி? அந்தப் புழுவ நசுக்கிப் போடுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து பூக்கடைக்காரர் இலை கொண்டாரட்டும்."

அம்மையார் குச்சியோடு போனார். பொறாமைக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. அங்கே புழு தின்பதை விட்டு, இடுப்பை ஒரு நூலால் கிளையோடு கட்டிக்கொண்டு, கூடாகி அசையாமல் சாய்ந்திருந்தது. குச்சி நழுவிக் கீழே விழுந்தது.

"அவர விட்டுப் போகாம இருக்க உனக்குத் தெரிஞ்ச வழி எனக்குத் தெரியலையே" என்றார்.

திருப்பணி கைமாறிற்று. ஊர் அவரைப் புழுவுக்கு மாமியார் என்று சிரித்தது. சோறு இறங்கவில்லை, ஆனாலும் மரத்தடிக்கு வருவதை அவர் விடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் கூடு வெடித்தது. கறுப்பில் மஞ்சள் பொட்டிட்ட வண்ணத்துப்பூச்சி சிறகு உலர்த்தி, மதிலைத் தாண்டி, உச்சிப் பூசையில் சிவலிங்கத்தின் முடியில் போய் அமர்ந்தது. குருக்கள் துண்டை ஓங்கினார். கருவறை பேசிற்று:

"விரட்டாதே. என் பந்தியில் முதலில் உட்காருவது யார் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாரும் என்னிடம் கேட்க வந்தீர்கள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நின்று பார்த்தவள் ஒருத்திதான். அவளை அழைத்து வா."

இத்தனை காலம் சாவிக்கொத்துச் சுமந்த தம்மிடம் ஒரு வார்த்தை பேசாத சாமி, நெல் குத்துகிறவருக்காக வாய் திறந்துவிட்டதே என்று அங்கே நின்ற மணியத்துக்கு நெஞ்சு காந்தியது. ஆனாலும் அம்மையாரை அழைக்கப் பூக்கூடையை அவரே சுமந்து போனார்.

"இலையில ஓட்டை இருக்குமே" என்றார் அம்மையார்.

"ஓட்டை இருக்கறதாவே பறிங்க ஆச்சி."

பொறாமையால் பார்க்கத் தொடங்கி, பார்த்துப் பார்த்தே பக்தி முதிர்ந்த உமையாள் அம்மையாரின் அடி போற்றுவோம். அந்தப் பொறாமையில் நமக்கும் ஒரு சிட்டிகை கிடைக்கட்டும்.