செவலைப் பசுவுக்கு ஆயிரத்து இருநூறு புள்ளி

கோணக்குளம் பால் சங்கத்தை மூன்று பேர் நடத்திவந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தாலும் எப்படியோ ஒப்பேற்றியிருக்கலாம். தலைவர் தளவாய், செயலாளர் அனஞ்சபெருமாள், பாலைச் சோதித்துத் தரம் எழுதும் பிச்சம்மாள். அன்றைக்குக் காலையில் பூதத்தானும் வந்து சேர்ந்தான். அவன் பால் ஊற்றும் உறுப்பினர்தான் என்றாலும், அறிவில் அந்த மூவரோடும் சரிசமமாக உட்காரத் தகுந்தவன்.

பூதத்தானின் செவலைப் பசுவைக் காணோம். முளையில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. பிறந்து பன்னிரண்டு நாளான கன்று பாலுக்குக் கத்துவது சங்கம் வரைக்கும் கேட்டது. தேடிப் போக இரண்டு கால் இருந்தும் அவன் சங்கத்துக்குத்தான் வந்தான்.

“நோட்டீஸ் அடிச்சு ஒட்டிருவோம்” என்றார் தளவாய்.

காப்பீட்டுக்காக எடுத்த செவலையின் போட்டோ கம்ப்யூட்டரிலேயே இருந்தது. மேலே ‘காணவில்லை’ என்றும் கீழே சங்கத்தின் பெயரும் போன் நம்பரும் போட்டு, அனஞ்சபெருமாள் பிரிண்ட் கொடுத்தார். திரையில் ஒரு கட்டம் எழும்பி, தரம் என்ன என்று கேட்டது: சிக்கனம், சாதாரணம், உயர்ந்தது.

“தரத்தை நாமளே சொல்லணுமா?” அனஞ்சபெருமாள் கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டார்.

பிச்சம்மாளுக்குக் கோபம் வந்தது. “இருவது வருசமா பால் சோதிக்கேன். கொண்டு வாரவங்க சொல்லுத தரத்தை ஒருநாளும் எழுதினதில்ல. உயர்ந்ததுன்னு வாய் கூசாம சொல்லுதவன் கேன்லதான் பாதி தண்ணி.”

“அப்ப என்ன செய்ய?”

“அடக்கமா இருக்கதைப் போடுங்க. சோதிச்சுட்டு ஏத்திக்கிடலாம்.”

சிக்கனத்தை அமுக்கினார்கள். செவலை சோகை பிடித்த மாதிரி வெளிறி வெளியே வந்தது. பிச்சம்மாள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மையில தண்ணி கலந்திருக்கு” என்றாள்.

சொன்னதோடு விட்டாளா? மை பாட்டிலைத் திறந்து, பாலில் முக்கும் லாக்டோமீட்டரை அதற்குள் முக்கினாள். கண்ணாடிக் குழாய் கறுத்துப்போய் ஓர் எண்ணும் தெரியவில்லை. எண்ணே தெரியாத அளவுக்குக் கெட்டி, ஆகவே சுத்தமான மை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உயர்ந்த தரத்துக்கு அனுமதி கிடைத்தது.

கட்டம் விடவில்லை. அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று அடுத்ததாகக் கேட்டது: முந்நூறு, அறுநூறு, ஆயிரத்து இருநூறு.

“ஆயிரத்து இருநூறு போடும் வே” என்றார் தளவாய். “ஆனா அத்தனையும் விழுதான்னு எண்ணிரணும். அளவுல குறைஞ்சா சங்கத்துக்குத்தான் கெட்ட பேரு.”

மாடு யாருடையதோ அவன்தான் எண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு தாள் அடித்து, அதில் செவலையின் மூக்கில் ஓர் அங்குலத்துக்குக் கோடு போட்டு, குண்டூசியும் கொடுத்தார்கள். பூதத்தான் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி எண்ணினான். முந்நூற்று நாற்பதில் கன்று கத்தியது, கணக்கு விட்டுப்போயிற்று. மறுபடி எண்ணினான், மறுபடி கத்தியது.

“வீட்டுக்குப் போயி கன்னைச் சும்மா இருக்கச் சொல்லும்” என்றார் அனஞ்சபெருமாள்.

அந்த வெயிலில் நடந்துபோய்க் கன்றிடம் சொல்லிவிட்டு வந்தான். மூன்றாவது தடவை எண்ணும்போது மூக்கே இல்லை, ஓட்டைதான் இருந்தது. எண்ண மிச்சம் எதுவும் இல்லாததால் அளவு சரி என்று பிச்சம்மாள் எழுதினாள். நாற்பது நோட்டீஸ் அடித்தார்கள்.

அதற்குள் சாயங்காலப் பால் நேரம் ஆகிவிட்டது. தினமும் கறவைக்கு வந்து பழகிய செவலை தானாகவே நடந்து வந்து சங்க வாசலில் நின்றது. அங்கே நின்ற ஐந்து உயிர்களில் புத்தி இருந்தது அதற்குத்தான். பூதத்தான் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

தளவாய்க்கு முகம் செத்துவிட்டது. “காணவில்லைன்னு சோதிச்சு, கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் நாப்பது இருக்கு. மாடு வாசல்ல நின்னா அம்புட்டும் பொய் ஆயிரும்லா?”

“சங்கம் பேருல பொய்யா?” என்று அனஞ்சபெருமாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பூதத்தான் யோசித்தான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப பத்தி விட்டுருவோம் அண்ணாச்சி” என்றான். போகிற மாடு சும்மா போவானேன் என்று இரண்டு விலாவிலும் ஒவ்வொரு நோட்டீஸ் ஒட்டி, நாலு பேருமாகத் தட்டி ஊருக்கு வெளியே விரட்டினார்கள்.

அரை மணி நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. “நோட்டீஸ்ல இருக்க மாடு இங்க நிக்கு. நோட்டீசும் அது மேலதான் இருக்கு. பிடிச்சுக் கட்டவா?”

“அது கெடக்கட்டும்” என்றார் தளவாய். “மூக்குப் பக்கம் தெளிவா தெரியுதா?”

பூதத்தான் ஒரு நோட்டீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். உயர்ந்த தரம், ஆயிரத்து இருநூறு புள்ளி, படத்தில் செவலையின் மடி நன்றாகவே விழுந்திருந்தது. அந்தப் பக்கமாக மடித்துக் கன்றின் வாயருகே பிடித்தான். சற்று நேரத்தில் ஈரத் தாளோடு சங்கத்துக்குத் திரும்பி வந்தான்.

“மதினி, நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. ஒரு நக்குதான் நக்குச்சு, மடியே கரைஞ்சு ஓடிட்டு. மையில தண்ணிதான்.”

பிச்சம்மாள் பதிவேட்டைத் திறந்து, ‘உயர்ந்தது’ என்பதை அடித்துவிட்டுச் ‘சிக்கனம்’ என்று எழுதினாள். பிறகு பேனாவையும் பதிவேட்டையும் அவன் கையில் கொடுத்தாள். “சோதிச்சது கன்னுல்லா? போயி அதுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாரும்.”