நாற்பத்தொன்பதாவது முடிச்சு

முன்னொரு காலத்தில், ஊருக்கெல்லாம் மதிலும் மதிலுக்கெல்லாம் கதவும் இருந்த காலத்தில், செம்மண்கோட்டை என்று ஒரு பட்டணம் இருந்தது. அதற்கு நாலு வாசல். மேற்கு வாசலில் வயிரவன் காவல். விடிந்தால் வந்து நிற்பான், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போவான். நடுவில் அவனுக்கு வேலை மூன்று கேள்வி கேட்பது. யார் வந்தாலும் ஈட்டியைக் குறுக்கே நீட்டுவான்.

"யாரு? எங்கேயிருந்து? கையில என்ன?"

பதில் சரியாக இருந்தால் ஈட்டி நிமிரும். இல்லாவிட்டால் வந்தவர் வந்த வழியே போக வேண்டியதுதான்.

வாசலில் புலியாக நிற்கிற வயிரவன், வீட்டில் ஒரு பிடி சோற்றைக் கண்டால் நடுங்குவான். காரணம் அவன் மகள் முத்தாலு. வயது இரண்டு. தூக்கிப் பார்த்தால் எட்டு மாதப் பிள்ளையின் கனம். பால் கொடுத்தால் கக்குவாள். சோறு ஊட்டினால் கக்குவாள். கக்காத நாளில் வயிறு பறைபோல உப்பிக்கொள்ளும். நாலு நாள் வெளிக்குப் போகாமல் முக்கி முக்கி அழுவாள். உள்ளே போனது வெளியே வந்தது. வெளியே போக வேண்டியது உள்ளேயே நின்றது.

வயிரவனின் மனைவி நாச்சி துவைத்துப் போடாத நாள் கிடையாது. கொடியில் காய்கிற துணியை எண்ணியே தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள், முத்தாலு நேற்று எத்தனை தடவை கக்கினாள் என்று.

தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுப் பவளாயி வசம்பைச் சுட்டு உரைத்துக்கொண்டு வந்தாள். நாச்சியின் அண்ணன் விளக்கெண்ணெயோடு வந்தான். கோயில் பூசாரி திருநீற்றையும் தேனையும் குழைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சங்கு புகட்டிவிட்டு, "இதுல கேட்கலேன்னா என்னைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே போனது வெளியே வந்தது. வெளியே போக வேண்டியது உள்ளேயே நின்றது.

அரண்மனை வைத்தியரும் பார்த்தார். நிதானமான மனிதர். ஒரு கஷாயம் சொன்னார். நொய்க்கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் ஒரே நேரத்துக்குக் கொடுக்கச் சொன்னார். குடித்ததும் படுக்கப் போடாமல் தோளில் நிமிர்த்தி நூறு அடி நடக்கச் சொன்னார். "இரண்டு மாதமாவது பொறுக்கணும்" என்றார்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. பவளாயி சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இது கஞ்சியா, கை கழுவின தண்ணியா? பிள்ளை எப்படித் தேறும்?"

நாச்சிக்குப் பயம் வந்துவிட்டது. வசம்பு திரும்ப வந்தது. விளக்கெண்ணெய் திரும்ப வந்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் மேற்கு வாசலுக்கு ஒரு கிழவர் வந்தார். சடைமுடி, தோளில் மூட்டை. வயிரவன் ஈட்டியை நீட்டினான்.

"யாரு?"

"மந்திரவாதி."

"எங்கேயிருந்து?"

"எங்கே ஆள் தேவையோ அங்கேயிருந்து."

"கையில என்ன?"

கிழவர் மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். ஒரு மயிலிறகு, ஓர் ஆமை ஓடு, பால் புகட்டும் சின்னப் பித்தளைச் சங்கு ஒன்று. ஆபத்தாக ஏதுமில்லை. ஈட்டி நிமிர்ந்தது. கிழவர் நகரவில்லை.

"உன் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். இப்ப நான் ஒண்ணு கேட்கிறேன். உன் தோள்ல என்ன?"

வயிரவன் தோளைத் திரும்பிப் பார்த்தான். காவல்காரனின் சிவப்பு அங்கியில் வெள்ளையாக ஒரு கறை.

"பால், சாமி. காலையில குழந்தை கக்கினது."

கிழவர் மூட்டைக்குள் கை விட்டார். சங்கை எடுத்து நீட்டினார்.

"இதோட வாயைக் குழந்தை தொப்புள்ல வை. மூக்கை உன் காதுல வை. உள்ளே இருக்கிறவன் பேசுவான். மூணு தடவைதான் கேட்கும். அப்புறம் இது வெறும் சங்கு. நான் வந்து வாங்கிக்கிறேன்."

அன்று சாயங்காலம் முத்தாலு அயர்ந்து கிடந்தபோது வயிரவன் சங்கை வைத்துக் கேட்டான். முதலில் உறுமல். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு குரல், வெண்கலப் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"யாருய்யா அது? இன்னொரு ஆணையா? சொல்லித் தொலை."

"நீ யாரு?" என்றான் வயிரவன்.

"வயித்துப் பூதம். பிள்ளை பிறக்கும்போதே ஒவ்வொரு வயித்துக்கும் ஒருத்தனைக் காவல் போடுவாங்க. மேல் கதவைத் திறக்கணும், சாத்தணும். கீழ் கதவைத் திறக்கணும், சாத்தணும். அவ்வளவுதான் வேலை."

"அதை ஏன் ஒழுங்காச் செய்யல?"

பூதம் சிரித்தது. சிரிப்பில் சுரத்தே இல்லை.

"வாய் வழியா எது வந்தாலும் அது எனக்கு ஆணை. அது எனக்கு இட்ட விதி. காலையில வசம்பு வருது, 'மேலே தள்ளு'ங்குது. மத்தியானம் எண்ணெய் வருது, 'கீழே தள்ளு'ங்குது. சாயங்காலம் தேன் வருது, 'பிடிச்சு வை'ங்குது. நான் எதைச் செய்வேன்? கதவை இழுக்கிற கயித்துல ஆணைக்கு ஒரு முடிச்சு விழுது. இப்ப நாற்பத்தொண்ணு. ஐம்பது விழுந்தா கயிறு அறும். கதவு போகும். நானும் போயிடுவேன்."

"நீ போனா?"

"காவல் இல்லாத கோட்டை என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

வயிரவனுக்குத் தெரியும். ஒரு வருஷம் திருவிழாவில் தளபதி 'திற' என்றார், மந்திரி 'சாத்து' என்றார், அரசரின் தமக்கை 'பாதி திற' என்றார். அன்று மேற்கு வாசலில் மாடுகள் மிதித்து ஏழு பேருக்குக் கால் போனது. பழி வயிரவன் மேல்தான் விழுந்தது.

"கடைசியா எப்பத் தூங்கினே?" என்று கேட்டான், ஒரு காவல்காரன் இன்னொரு காவல்காரனைக் கேட்பதுபோல.

"தூக்கமா? இவ பிறந்ததிலிருந்து இல்லை."

"முடிச்சு அவிழ வழி உண்டா?"

"புது ஆணை வராத நாளுக்கு ஒண்ணு அவிழும்."

"சரி. இனிமே வைத்தியர் சொன்னது மட்டும்தான் வரும். வேற எது வந்தாலும் மூணு கேள்வி கேளு. யாரு, எங்கேயிருந்து, கையில என்ன."

"விதி இருக்கிறவரை நான் கேட்க முடியாது. நீ வெளியே கேளு. முடிச்செல்லாம் அவிழ்ந்தா விதியும் போகும். அப்புறம் நான் கேட்டுக்கிறேன்."

குரல் நின்றது.

மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் ஒரு பழைய ஈட்டி குறுக்கே நின்றது. வயிரவன் இல்லாத நேரத்தில் நாச்சி கேட்டாள்.

"யாரு?"

"ஏண்டி, என்னைத் தெரியாதா? பவளாயி."

"எங்கேயிருந்து?"

"எதிர்வீட்டுலயிருந்து. உனக்கென்ன பித்தா?"

"கையில என்ன?"

"மாசிக்காய். உரைச்சுக் கொடுத்தா வயிறு கட்டுப்படும்."

"நீங்க வாங்க அக்கா. மாசிக்காய் வெளியே இருக்கட்டும்."

பவளாயி மாசிக்காயோடு திரும்பிப் போய், மூன்று நாள் தெருவெல்லாம் அதையே பேசினாள். வசம்பு நின்றது. எண்ணெய் நின்றது. தேன் நின்றது. கஷாயமும் கஞ்சியும் மட்டும் போயின. எட்டு நாள் ஆயிற்று. முத்தாலு முன்போலவே இருந்தாள். உள்ளே போனது வெளியே வந்தது. வெளியே போக வேண்டியது உள்ளேயே நின்றது.

ஒன்பதாம் நாள் வயிரவனுக்குப் பொறுக்கவில்லை. காவலுக்குப் புறப்படுமுன் இரண்டாம் தடவையாகச் சங்கை வைத்தான்.

"எத்தனை அவிழ்ந்தது?"

"அவிழ்ந்ததா?" என்றது பூதம். அதன் குரல் முன்னைவிட மெலிந்திருந்தது. "நாற்பத்தொன்பது ஆகிப்போச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"எப்படி? வாசல்ல ஈட்டி நிக்குதே."

"ஈட்டிக்கு உள்ளேயே ஒருத்தன் இருக்கான். தினம் சாயங்காலம் வர்றான். நெய்ச்சோறு, வெல்லம் போட்டது. அவ வாயை மூடினாலும் விடமாட்டான். 'இன்னும் ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய்'னு விரலால திணிப்பான். விரல்ல இரும்பு வாடை அடிக்கும்."

வயிரவன் தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோனான். பதினைந்து வருஷமாகக் கதவுத் தாழைப் பிடித்த கை. எத்தனை கழுவினாலும் அந்த வாடை போகாது.

நாச்சி தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து அவன் தினமும் ஓர் உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தான். வெறும் கஞ்சியில் பிள்ளை போய்விடுவாளோ என்ற பயம். அதை அவன் ஆணை என்று நினைக்கவே இல்லை. பாசம் என்று நினைத்தான்.

அடுப்படியில் போய் எல்லாவற்றையும் சொன்னான். நாச்சி சட்டியைத் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஊட்டறது எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க ஊட்டலேன்னா நான் ஊட்டியிருப்பேன்."

வயிரவன் காவலுக்குப் புறப்பட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும் முறை வயிரவனுடையது. முத்தாலு மடியில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வாங்கினாள். இரண்டாம் வாய் வாங்கினாள். மூன்றாவதற்கு உதட்டை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொண்டாள். கிண்ணம் முக்கால்வாசி அப்படியே இருந்தது. 'இன்னும்' என்ற சொல் அவன் நாக்கின் நுனிவரை வந்தது. மேற்கு வாசலில் எத்தனையோ கதவு சாத்தியிருக்கிறான். சாத்திய கதவை இடிப்பவன் பகைவன் என்பது அவனுக்குத் தெரியாததா?

கையிலிருந்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். உப்பு கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் கஞ்சி நன்றாகவே இருந்தது.

பிள்ளையைத் தோளில் நிமிர்த்தி நூறு அடி நடந்தான். அன்று முடிச்சு விழவில்லை.

மறுநாள் வயிரவன் காவலுக்குப் புறப்படும் நேரத்தில் தெருவில் ஒரு பல்லக்கு வந்தது. அரசரின் தமக்கை, நல்ல மனம் படைத்தவர். காவல்காரன் பிள்ளைக்குச் சுகமில்லை என்று பவளாயி வாய்வழியாக அரண்மனைவரை செய்தி போயிருந்தது. தங்கக் கிண்ணத்தில் தானே கிண்டிய பாதாம் லேகியத்தோடு இறங்கினார். ஈட்டி குறுக்கே விழுந்தது.

"யாரு?"

"வயிரவா, என்னையா கேட்கிறாய்?"

"எல்லாரையும் கேட்கிறதுதான், தாயே. எங்கேயிருந்து? கையில என்ன?"

"லேகியம். ஒரு சுண்டு விரல் அளவு நாக்கில் தடவிவிட்டுப் போகிறேன். தள்ளு."

வயிரவன் மண்டியிட்டான். ஆனால் ஈட்டியை எடுக்கவில்லை.

"ஒரு விரல் அளவுதான் பாக்கி இருக்கு, தாயே. அதுக்குத்தான் விடமாட்டேங்கிறேன்."

பல்லக்கு திரும்பிப் போயிற்று. உச்சிப் பொழுதுக்குள் வயிரவன் அரசர் முன் நின்றான். நடந்ததைச் சொன்னான். பூதம் என்றதும் சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

"என் கோட்டை வாசலில் அக்கா சொன்னபடியெல்லாம் கதவைத் திறந்தவன்தானே நீ?"

"ஆமாம், அரசே. அங்கே ஏழு பேர் கால் போச்சு. இங்கே போறதுக்கு எனக்கு ஒருத்திதான் இருக்கா."

அரசர் தமக்கையைப் பார்த்தார். அந்தம்மாள் லேகியத்தை ஒரு விரல் எடுத்துத் தானே சுவைத்தார். "தித்திப்பு கொஞ்சம் அதிகம்தான்" என்று சொல்லிக் கிண்ணத்தை மூடிவிட்டார். வயிரவன் பிழைத்தான்.

பிறகு என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் மருந்து. விடிந்தால் கஷாயம். நேரத்துக்குக் கஞ்சி. வாயை மூடினால் நிறுத்து. தோளில் போட்டு நூறு அடி. பத்து நாளில் கக்குவது பாதியாயிற்று. இருபது நாளில் வயிறு தளர்ந்தது. நடுவில் ஒரு வாரம் சளி பிடித்து எல்லாம் பழையபடி ஆயிற்று. நாச்சி அழுதாள், ஆனால் வசம்பைத் தேடவில்லை. கொடியில் காயும் துணி குறைந்துகொண்டே வந்தது. தெருவில் முதலில் அதைக் கவனித்தவள் பவளாயிதான்.

நாற்பத்தொன்பதாம் நாள் வயிரவன் மூன்றாம் தடவையாகச் சங்கை வைத்தான். உள்ளே ஒரே குறட்டை. அவன் தொண்டையைக் கனைத்தான். குறட்டை நின்றது.

"யாரு?"

"முத்தாலுவோட அப்பன்."

"எங்கேயிருந்து?"

"மேற்கு வாசல்லயிருந்து."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லை."

"அப்பச் சரி" என்றது பூதம். "கடைசி முடிச்சும் காலையில அவிழ்ந்திட்டது. விதியும் போயிட்டது. இனிமே நானே கேட்டுக்கிறேன். நீ போய் உன் வாசலைப் பாரு. எனக்குத் தூக்கம் வருது."

சங்கு வெறும் சங்காயிற்று. அன்று மத்தியானமே கிழவர் மேற்கு வாசலுக்கு வந்து அதை வாங்கிக்கொண்டார். போகும்போது வயிரவனின் தோளைப் பார்த்தார். அங்கி சுத்தமாக இருந்தது.

அரசரும் யோசித்துவிட்டு ஓர் உத்தரவு போட்டார். இனி ஒரு வாசலுக்கு ஒருவர் ஆணைதான்; நாலு வாசலுக்கும் அந்த ஒருவர் வயிரவன்.

செய்தி வந்த அன்று அவன் வீட்டில் அப்பளம் பொரித்தார்கள். முத்தாலு தத்தித் தத்தி வந்து அவன் இலையிலிருந்து ஒரு துண்டைத் தானே எடுத்தாள். கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். வயிரவனும் நாச்சியும் கையைக் கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். முத்தாலு வெறும் கையை நீட்டினாள்.

"இன்னும்" என்றாள்.

அந்த வீட்டில் அதுவரை அந்தச் சொல்லைப் பெரியவர்கள்தான் சொல்லியிருந்தார்கள்.

முத்தாலு வளர்ந்தாள், அதற்கப்புறமும் எப்போதாவது கக்கினாள், எல்லாப் பிள்ளைகளையும் போல. மேல் கதவும் கீழ்க் கதவும் இன்றுவரை நேரத்துக்குத் திறந்து நேரத்துக்குச் சாத்துகின்றன. கேட்டவர்கள் வீட்டுக் கதவுகளும் அப்படியே இருக்கட்டும்.