அல்லி வட்டத்துக்கு மூணு டிக்கெட்

விடிந்தால் ஒச்சப்பனுக்குக் கல்யாணம். அன்றைக்குப் பார்த்து ஒரு குளவி கீழுதட்டில் கொட்ட, உதடு பணியாரம் போல உப்பிவிட்டது.

“வீக்கம் வத்துனவனுக்குத்தான் என் பொண்ணு” என்று சொல்லிவிட்டார் மாமனாராகப் போகிற மாயழகு. அவர் சொன்ன சொல் மாறாதவர். ஒச்சப்பனுக்கு அழுகை முட்டியது. அழுதால் உதடு வலித்ததால் அடக்கிக்கொண்டான்.

கூட்டாளிகள் சடைச்சாமியும் மொக்கையனும் அவனை வைத்தியரிடம் இழுத்துப் போனார்கள். வைத்தியர் தாவரநூல் படித்தவர். எதையும் படித்த பெயரால்தான் சொல்வார்.

“செம்பருத்தியில, வெளியே பச்சையா இருக்கிற புல்லி வட்டத்த விட்டுடுங்க. அதுக்கு உள்ள அல்லி வட்டம். அத அரைச்சு இதழ்ல பூசுங்க.”

மூவரும் பயபக்தியாகத் தலையாட்டிவிட்டு, நேரே பேருந்து நிலையத்துக்குப் போனார்கள்.

“அல்லின்னா குளத்துல பூக்குமே, அதுவாடா?” என்றான் மொக்கையன்.

“வட்டம்னு சொன்னாருல்ல? பூவுக்கு ஏதுடா தாலுகா ஆபீசு?” என்றான் சடைச்சாமி. “செம்பருத்தி புதுசாப் பிரிச்ச மாவட்டமா இருக்கும். புல்லி வட்டம் பூராவும் பச்சை வயக்காடு. அதத் தாண்டுனா அல்லி வட்டம்.”

“ஒரு வட்டத்தையே எப்படி அரைக்கிறது?”

ஒச்சப்பன் நெடுநேரம் யோசித்தான். “கல்யாணத்துக்குப் பெரிய கிரைண்டர் வந்திருக்கு” என்றான். மற்றவர்களுக்கு நிம்மதி.

அல்லி வட்டத்துக்கு மூணு டிக்கெட் கேட்டதில் எல்லாக் கண்டக்டர்களும் விரட்டினார்கள். சாயங்காலம் வைத்தியரிடமே திரும்பினார்கள். அவர் தலையிலடித்துக்கொண்டு ஒரு செம்பருத்தியைப் பறித்து நீட்டினார்.

“இதோ, இது இதழ். இதழெல்லாம் சேர்ந்து வட்டமா நிக்குதுல்ல, அதுதான் அல்லி வட்டம். புரிஞ்சதா?”

நன்றாகவே புரிந்தது.

“நல்லவேளை கேட்டோம்” என்றான் ஒச்சப்பன். “நான் பாட்டுக்கு உதட்டுல பூசியிருப்பேன்.”

ஒரு பூவை அரைத்தார்கள். இன்னொரு பூவைத் தாம்பாளத்தில் படுக்கவைத்து, அதன் இதழில் வலிக்காமல் பூசினார்கள். ஒச்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான்.

காலையில் பார்த்தால், பூ சுருங்கிக் கிடந்தது.

“வத்திருச்சு!” என்று மூவரும் கூவினார்கள்.

மாயழகு பூவைப் பார்த்தார். ஒச்சப்பன் உதட்டைப் பார்த்தார். அது இப்போது இட்லி அளவு இருந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். பூவைத் தூக்கி மணையில் வைத்தார்கள். மணப்பெண் தலைகுனிந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒச்சப்பன் மாப்பிள்ளைத் தோழனாக நின்று பூவுக்குக் குடை பிடித்தான். மருந்து பலித்ததில் அவனுக்குப் பரம சந்தோஷம். ஒரே ஒரு கவலைதான்.

“மாமா, மாப்பிள்ளை ரொம்ப வாடிப்போயிருக்காரு. கொஞ்சம் தண்ணி தெளிக்கச் சொல்லுங்க.”